கார உலோகங்களில் சின்னது

எனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவர், அது என்ன மருந்து என்பதை எளிமையாகச் சொல்லப் பார்த்தார்.

"இது ஒரு வகையான உப்பும்மா. பயப்பட ஒண்ணும் இல்ல."

சீட்டைப் படித்துவிட்டு, "லித்தியம் கார்பனேட்" என்றேன்.

"தெரியுமா?" என்று கேட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர், "கெமிஸ்ட்ரி டீச்சருங்க" என்றார்.

வேலூரில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவு அது. எனக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. திருவண்ணாமலையில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வேதியியல் எடுத்துக்கொண்டிருந்தேன். செங்கம் சாலையில் கணவருக்கு மோட்டார், பைப் சாமான் விற்கிற கடை. கடைக்குப் பின்னால் போகிற சந்தில் எங்கள் வீடு.

வேலூர் வரைக்கும் போக நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் மழைக்காலத்தில் எனக்குத் தூக்கம் போயிற்று. களைப்பும் சேர்ந்தே போய்விட்டதால் தூக்கம் போனதை நான் ஒரு குறையாக நினைக்கவில்லை. விடிவதற்கு முன்பே மலையைச் சுற்றக் கிளம்புவேன். சுற்றி முடித்துக் குளித்துவிட்டுப் பள்ளிக்குப் போவேன். சாயங்காலம் மறுபடியும் சுற்றுவேன். எதைப் பார்த்தாலும் இன்னொன்றோடு அதற்கு இருக்கிற தொடர்பு பளிச்சென்று தெரிந்தது. வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் நிறைந்தால் அணு அமைதியடைகிறது. மலையைச் சுற்றி எட்டு லிங்கங்கள் இருக்கின்றன. இது ஏன் இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் போயிற்று என்று ஆச்சரியப்பட்டேன். வகுப்பில் இதைச் சொன்னேன். பிள்ளைகள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

பிறகு பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிட்டு கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். வேறு ஊராக இருந்தால் இரண்டாம் நாளே யாராவது வீட்டுக்குத் தகவல் சொல்லியிருப்பார்கள். இங்கே என் முன்னால் வாழைப்பழம் வைத்தார்கள். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கணவர் என்னைத் தேடி அங்கே வந்தபோது, "அம்மா பேசினு இருக்காங்க, செருப்பக் கழட்டிட்டு வாங்க" என்று ஒருவர் தடுத்தாராம். அவர் கழற்றிவிட்டுத்தான் வந்தார். வந்து என் கையைப் பிடித்து, "வா, வீட்டுக்குப் போலாம்" என்றார். வர மாட்டேன் என்று கத்தினேன். என்னைக் காரில் ஏற்ற இன்னும் இரண்டு பேர் வேண்டியிருந்தது.

மாத்திரை வேலை செய்தது. சில வாரங்களில் தூக்கம் வந்தது. தொடர்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. எட்டு எட்டாகவே இருந்தது, அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. புளியமரத்தடியில் என்னவெல்லாம் பேசினேன் என்று நினைத்துப் பார்த்தபோது போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

"வெளிய யாருக்கும் தெரிய வேணாம்" என்றார் கணவர். "டைபாய்டுனு சொல்லிக்கலாம். வேலை போயிடும். சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரும் ஒண்ணு பேசுவாங்க."

அவர் சொன்னதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மரத்தடியில் என்னைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். பள்ளியில் டைபாய்டு என்று எழுதிக் கொடுத்தோம். வீட்டில் மாத்திரை அட்டையைக் கடுகு, சீரகம் வைக்கிற அலமாரியின் மேல்தட்டில் வைத்துக்கொண்டேன். குழந்தை பற்றி மருத்துவரிடம் கேட்டபோது, மாத்திரையோடும் பெற்றுக்கொள்ளலாம், ஆனால் ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அந்த "ஆனால்" எங்கள் இருவரையும் பயமுறுத்திவிட்டது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளினோம். அப்படியே போய்விட்டது.

ஒவ்வொரு வருடமும் பதினொன்றாம் வகுப்பில் தனிமங்களின் ஆவர்த்தனப் பண்புகள் பாடம் வரும். மாத்திரைக்கு முன்பும் அதை எடுத்திருக்கிறேன். பின்பு எடுக்கும்போது கரும்பலகையில் லித்தியம் என்று எழுதுகிற இடத்தில் மட்டும் குரலைச் சரிபார்த்துக்கொள்வேன். பலகையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகக் கார உலோகங்களுக்கு வட்டங்கள் போடுவேன். முதலில் லித்தியம், சின்ன வட்டம். அதற்குக் கீழே சோடியம், கொஞ்சம் பெரியது. பிறகு பொட்டாசியம். ஒரே தொகுதியில் கீழே போகப் போக ஒவ்வொரு கூடாகச் சேருகிறது, அணு பெரிதாகிறது. வெளியே இருக்கிற எலக்ட்ரான் அணுக்கருவிலிருந்து தள்ளிப் போய்விடுவதால் அதைப் பிடுங்குவது சுலபம். அதனால் அயனியாக்கும் ஆற்றல் குறைகிறது. இது பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும்.

வரிசையில் இடமிருந்து வலமாகப் போகும்போதுதான் சிக்கல். ஒவ்வொரு தனிமத்திலும் ஒரு எலக்ட்ரான் கூடுகிறது, ஆனால் அணு சின்னதாகிக்கொண்டே போகிறது. "கூட்டினா பெருசாத்தானே மிஸ் ஆவணும்?" என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். எலக்ட்ரான் கூடுவது அதே கூட்டில்தான், அணுக்கருவில் புரோட்டானும் கூடுகிறது, இழுப்பு ஜாஸ்தியாகி எல்லாவற்றையும் உள்ளே வாங்கிக்கொள்கிறது என்று விளக்குவேன். ஒரு வருடம், முன்பெஞ்சில் இருந்த ஒரு பெண் நான் போட்ட படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"மிஸ், மேலேர்ந்து கீழ பாத்தா லித்தியம்தான் சின்னது. இப்பிடி குறுக்கால பாத்தா அதே லித்தியம்தான் பெருசு. அப்ப அது சின்னதா பெருசா?"

"யாருக்குப் பக்கத்துல வெச்சுப் பாக்குறோமோ அதப் பொறுத்தது" என்றேன்.

அவள் திருப்தியாக உட்கார்ந்தாள். பின்னாலிருந்து ஒரு பையன், "மிஸ், லித்தியம் எதுக்கு யூஸ் ஆவுது?" என்று கேட்டான்.

"போன் பேட்டரிக்கு."

"மெண்டலுக்குக் குடுக்கிற மாத்திரைல கூட இருக்குதாம் மிஸ். நெட்டுல போட்டுருக்கு."

வகுப்பு சிரித்தது. கெட்ட பையன் இல்லை அவன், தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். "அதுக்கும்தான்" என்று சொல்லிவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பி சோடியத்தின் எலக்ட்ரான் அமைப்பை எழுதினேன். ஏற்கெனவே எழுதியிருந்ததையே மறுபடி எழுதியிருந்தேன் என்பது எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது.

மாத்திரையால் எனக்கு எப்போதும் தாகம். பெரிய தண்ணீர் பாட்டிலோடுதான் வகுப்புக்குப் போவேன். விரல்களில் லேசான நடுக்கமும் இருந்தது. வட்டம் போடும்போது மணிக்கட்டைப் பலகையில் அழுத்திக்கொண்டால் தெரியாது. இவற்றோடு பழகிவிட்டேன்.

லித்தியமும் மெக்னீசியமும் வெவ்வேறு தொகுதி. ஆனாலும் சில குணங்களில் ஒன்றுபோல இருக்கும், ஏனென்றால் அவற்றின் அயனிகள் அளவில் கிட்டத்தட்ட ஒன்று. பாடத்தில் இதற்கு மூலைவிட்டத் தொடர்பு என்று பெயர். மூளைக்குள் மெக்னீசியம் உட்கார வேண்டிய இடங்களில் லித்தியம் போய் உட்கார்ந்துகொள்கிறது என்று ஒரு கருத்து இருப்பதை எங்கோ படித்துவிட்டு மருத்துவரிடம் கேட்டேன்.

"அப்படியும் சொல்றாங்கம்மா" என்றார். "முழுசா யாருக்கும் தெரியாது. நீங்க மாத்திரைய விடாம சாப்பிடுங்க, போதும்."

விடாமல் சாப்பிட்டேன். இரத்தப் பரிசோதனைக்கு வேலூர் போய் வந்தேன். வருடங்கள் போயின. சந்தோஷமாக இருந்தேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வேலைக்குப் போனேன், சமைத்தேன், தூங்கினேன்.

சில வருடங்களுக்கு முன்பு, கோடை தொடங்குகிற சமயத்தில் கணவருக்கு இரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. உப்பை நன்றாகக் குறைக்கச் சொன்னார்கள். அவருக்குத் தனியாக, எனக்குத் தனியாக என்று சமைக்க முடியாது. குழம்பு, பொரியல், மோர் எல்லாவற்றிலும் உப்பு கம்மியாயிற்று. ஊறுகாய் வாங்குவதை நிறுத்தினோம். அந்த வருட வெயில் மலைப்பாறையிலிருந்து திரும்ப அடித்தது. மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளுக்கு ஏப்ரலில் சிறப்பு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மேல்மாடி அறை, தகரக் கூரை. சேலை முதுகில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வியர்க்கும். நின்று நின்று முழங்கால் வீங்கிவிட்டது. கணவர் கடைத்தெரு மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி வந்து கொடுத்தார். வலி நன்றாகவே கேட்டது. இன்னும் ஒரு அட்டை வாங்கி வந்தார்.

பிறகு வயிறு கெட்டது. கை நடுக்கம் ஜாஸ்தியாயிற்று. "சூடு புடிச்சிக்கிச்சு" என்று கணவர் மோர் கலக்கிக் கொடுத்தார். நானும் வெயில் என்றுதான் நினைத்தேன்.

அன்றைக்குச் சிறப்பு வகுப்பில் ஆவர்த்தனப் பண்புகளைத்தான் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தோம். பலகையில் வட்டம் போட்டேன். தொடங்கிய இடத்துக்குச் சாக்பீஸ் திரும்ப வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். கை ஒரு பக்கம் வெட்டி இழுத்துக்கொண்டு போயிற்று. திரும்பி, "அயனியாக்கும் ஆற்றல்" என்று சொல்ல வாயெடுத்தேன். என் காதுக்கே அது வேறு ஏதோ சத்தமாகக் கேட்டது. முதலில் ஒன்றிரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பார்த்தேன், தரை சாய்ந்தது, மேஜை ஓரத்திலேயே வாந்தி எடுத்துவிட்டேன்.

பிள்ளைகள் ஓடிப் போய்த் தலைமையாசிரியையை அழைத்து வந்தார்கள். அவர் என்னை ஆசிரியர் அறைக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தார். "என்ன டீச்சர் ஆச்சு?" என்றார். பதில் சொன்னேன், வார்த்தை குழறியது. அவர் என் முகத்துக்கு ரொம்பக் கிட்டே குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தார். குடித்திருக்கிறேனா என்று பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. அப்படி இல்லை என்று விளக்கும் நிலைமையில் என் நாக்கு இல்லை.

ஆட்டோவில் ஏற்றி ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தலைமையாசிரியையும் இன்னொரு ஆசிரியையும் கூட வந்தார்கள். "லித்தியம்" என்று நான் பலமுறை சொன்னேன். "ஏதோ நித்யானு கூப்பிடறாங்க" என்றாள் நர்ஸ். அதற்குள் கணவர் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். பணியில் இருந்த இளம் மருத்துவர் அவரிடம், "ரெகுலரா ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா?" என்று கேட்டார்.

கணவர் மருத்துவரைப் பார்த்தார். பிறகு, கட்டிலின் கால்மாட்டில் நின்ற தலைமையாசிரியையைப் பார்த்தார்.

"சார், கேக்கறது உங்களத்தான். டைம் இல்ல."

"லித்தியம்ங்க" என்றார் கணவர். "ரொம்ப வருஷமா சாப்பிடறாங்க. மனசுக்கு."

தலைமையாசிரியை கைப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். அவ்வளவுதான் நான் அங்கே கடைசியாகப் பார்த்தது.

வேலூருக்குக் கொண்டுபோய் டயாலிசிஸ் செய்தார்கள். இரத்தத்திலிருந்து லித்தியத்தை அப்படி வடித்து எடுத்துவிட முடிகிறது. நினைவு திரும்பியபோது பக்கத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. உயிர் தப்பியது. சிறுநீரகம் பாதி பழுதாகியிருந்தது. மூளையின் பின்பகுதியிலும் சேதம் இருந்தது. கை நடுக்கமும் பேச்சுக் குழறலும் கொஞ்சம் சரியாகும், முழுதும் சரியாகாது என்றார்கள். லித்தியத்தை நிறுத்திவிட்டு வேறு மாத்திரை கொடுத்தார்கள்.

ஜூனில் பள்ளி திறந்தபோது நான் போகவில்லை. தாளாளர் ஆள் அனுப்பிப் பேசினார். "நல்லா ரெஸ்ட் எடுங்க டீச்சர். பேரண்ட்ஸ் கேக்கறாங்க, எங்களால ஒண்ணும் சொல்ல முடியல" என்று வந்தவர் மரியாதையாகவே சொன்னார். ராஜினாமாக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல கணவர் எழுதினார், கையெழுத்து மட்டும் நான் போட்டேன். பழைய கையெழுத்தோடு அது ஒத்துப்போகவில்லை. அவர்கள் அதைப் பொருட்படுத்தவும் இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் கணவர் கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். சமையலறையில் நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அப்போது எனக்கு அரை மணி நேரத்தில் ஒரு கைப்பிடிதான் ஆய முடியும். எதிரே உட்கார்ந்து அவரும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கட்டா? டாக்டரு இங்கிலீஷ்ல என்னமோ சொன்னாரு, எனக்குப் புரியல. உப்புக்கும் இந்த மாத்திரைக்கும் என்னா சம்பந்தம்?"

பதில் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் என்னிடம் பாடம் கேட்டது அதுதான் முதல் தடவை. பத்தாவதோடு நின்றவர் அவர். என் வேலையைப் பற்றி, "அதெல்லாம் எனக்கு ஏறாது" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வார். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

"சோடியமும் லித்தியமும் ஒரே தொகுதி. ரெண்டுக்கும் வெளிக்கூட்டுல ஒரே ஒரு எலக்ட்ரான்தான். அது போயிட்டா ரெண்டும் ஒரே மாதிரி, பிளஸ் ஒண்ணு. லித்தியம் சைஸ்ல சின்னது, அவ்ளோதான் வித்தியாசம். கிட்னி சோடியத்தத் திருப்பி எடுக்கிற வழியிலயே இதையும் எடுத்துக்கும். அதுக்கு ஆளு அடையாளம் தெரியாது."

"செரி."

"உப்பு கம்மியாயி, வேர்வைலயும் போச்சுன்னா, இருக்கிறத விடக்கூடாதுனு கிட்னி இழுத்து வெச்சிக்கும். லித்தியத்தையும் சேர்த்து வெச்சிக்கும். அப்ப ரத்தத்துல அது ஏறிக்கினே போவும்."

"அந்த முட்டி வலி மாத்திரை?"

கீரையைப் பார்த்துக்கொண்டே, "அதுவும் லித்தியம் வெளிய போறதக் கம்மி பண்ணும்" என்றேன்.

அவர் கொத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப உப்பக் கொறைக்க வெச்சதும் நானு. மாத்திர வாங்கியாந்ததும் நானு."

"உங்களுக்குத் தெரியாதுங்க."

"மெடிக்கல்ல கேட்டான். வேற ஏதாச்சும் மாத்திர சாப்பிடறாங்களான்னு கேட்டான். கடைல நாலு பேரு நின்னுனு இருந்தாங்க. இல்லப்பான்னு சொல்லிட்டேன்."

அவர் அழுததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என் மாமனார் இறந்தபோதுகூட அழவில்லை. நான் சொன்ன பாடத்தில் தவறு எதுவும் இல்லை, அதனால் அதில் எதையும் திருப்பி வாங்கிக்கொள்ள முடியவில்லை. "நானும் வெயிலுனுதான் நெனச்சேன்" என்றேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பக் கடைக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவர் எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மருந்துக் கடையில் தலைவலித் தைலம் வாங்கப் போனாலும், "இவங்களுக்கு மனசுக்கு மாத்திர ஓடுது, கிட்னியும் பாதிதான்" என்று சத்தமாகச் சொல்வார். பல் டாக்டரிடம் சொல்வார். ஆட்டோக்காரரிடம் சொல்வார். மாடியில் வாடகைக்கு இருக்கும் வெளிநாட்டுக்காரரிடம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். ஒருமுறை கல்யாண வீட்டுப் பந்தியில் பரிமாறுகிறவரிடம் அவர் சொல்லத் தொடங்கியபோது, "போதுங்க" என்று முழங்கையைத் தொட்டேன். "நீ சும்மா இரு, சொல்லாம விட்டுதான் இப்பிடி ஆச்சு" என்றார். பந்தியில் இருந்தவர்கள் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். மறைத்து வைத்திருந்த வருடங்களில் எனக்கு ஒரு முகம் இருந்தது. இப்போது எங்கே போனாலும் நோய் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. அவரைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் தூங்குவதற்கு அது வேண்டியிருக்கிறது.

வீட்டில் டியூஷன் எடுத்துப் பார்த்தேன். பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். நான் சொல்வதைப் புரிந்துகொள்ள அவர்கள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தீபத் திருவிழா விடுமுறைக்குப் பிறகு ஒருத்தி வரவில்லை. மற்றவளும் தனியாக வரக் கூச்சப்பட்டு நின்றுவிட்டாள்.

புது மாத்திரை உடம்பைக் கனக்க வைக்கிறது. பகலிலும் தூக்கம் வருகிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி செங்கம் சாலை நிறைய ஜனங்கள் மலையைச் சுற்றிப் போகும் சத்தம் கேட்கும். நான் வாசலுக்குப் போவதில்லை.

போன தை மாதத்தில் ஒரு காலை, வழக்கத்துக்கு முன்பே விழித்துக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே மலையின் மேல் பாதியை மேகம் மறைத்திருந்தது. மனம் லேசாக இருந்தது. காப்பி மணக்க மணக்க இருந்தது. காரணமில்லாமல் ஒரு சந்தோஷம். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு வந்தது. இது வெறும் சந்தோஷமா, அல்லது நோய் திரும்பி வருகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தேன். பிறகு கணவரிடம் போய்ச் சொன்னேன்.

"நேத்து தூங்கினியா?"

"தூங்கினேன். கொஞ்சம் சீக்கிரம் எழுந்துட்டேன்."

அவர் கடைச் சாவியைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்து சட்டையை மாற்றிக்கொண்டார். வேலூர் பஸ்ஸில் என்னை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, போளூர் தாண்டும் வரைக்கும் என் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். மருத்துவர் பத்து நிமிடம் பேசிவிட்டு, "எதுக்கும் ஒரு மாத்திரை கூட்டிக்குவோம்" என்றார்.

ஒரு வாரத்தில் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. அது என்னவாக இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.